டிவிடியை நேரடியாக நகலெடுப்பதா, அனலாகில் கேப்சர் செய்வதா: தரத்தை நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கும் வழி

டிவிடியில் இருக்கும் ஒரு வீடியோவைக் கணினிக்குள் கொண்டுவர இரண்டு பாதைகள் உண்டு. வட்டைக் கணினியின் டிரைவில் போட்டு அதிலுள்ள ஃபைல்களை அப்படியே நகலெடுக்கலாம். இல்லையென்றால் டிவிடி பிளேயரில் ஓடவிட்டு, அதன் பின்பக்க வீடியோ அவுட்டிலிருந்து கேபிள் கொடுத்து, ஒரு கேப்சர் கருவி வழியாகப் பதிவு செய்யலாம்; இதுதான் அனலாக் கேப்சர். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பலர் இரண்டாவதைச் செய்துவிட்டு, கிடைத்த ஃபைல் பல மடங்கு பெரிதாக இருப்பதைப் பார்த்து அதுவே தரமானது என்று நம்பிவிடுகிறார்கள். ஃபைலின் அளவு தரத்தைச் சொல்லாது. எது சொல்லும் என்பதை உங்கள் வட்டை வைத்தே சோதித்துப் பார்க்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

டிவிடியில் படம் எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். பால் முறை (இந்தியா, ஐரோப்பாவின் டிவி முறை) வட்டு என்றால் 720×576 பிக்சல், நொடிக்கு 25 ஃபிரேம். என்டிஎஸ்சி (அமெரிக்கா, ஜப்பானின் டிவி முறை) வட்டு என்றால் 720×480, நொடிக்கு 29.97 ஃபிரேம். வீடியோவுக்கு மட்டும் நொடிக்கு அதிகபட்சம் 9.8 மெகாபிட் வரை இடம் தரலாம். நேரடியாக நகலெடுக்கும்போது இந்தச் சுருக்கப்பட்ட தரவு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகர்கிறது, அவ்வளவுதான். யாரும் அதை விரிப்பதில்லை, திரும்பச் சுருக்குவதும் இல்லை. வட்டில் இருந்த அதே 0, 1 வரிசைதான் உங்கள் ஹார்ட் டிஸ்கிலும் இருக்கும்.

அனலாக் பாதை நீளமானது. பிளேயர் எம்பெக்-2 தரவை விரித்துப் படமாக்குகிறது. அந்தப் படத்தை மின் அலையாக மாற்றிக் கேபிளில் அனுப்புகிறது. கேப்சர் கருவி அந்த அலையை நொடிக்கு 1.35 கோடி முறை அளந்து மறுபடியும் பிக்சல்களாக்குகிறது. பிறகு கணினி அதை இன்னொரு முறை சுருக்கிச் சேமிக்கிறது. ஒருவர் கடிதத்தை உரக்க வாசிக்க, பக்கத்து அறையில் இருப்பவர் கேட்டு எழுதிக்கொள்வது மாதிரி. எழுதுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கையில் இருப்பது வேறொரு தாள்.

எந்தக் கேபிள் என்பதும் இதில் பெரிய விஷயம். மஞ்சள் நிற முனை கொண்ட காம்போசிட் கேபிளில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து போகின்றன. நிறத் தகவல் பால் முறையில் 4.43 மெகாஹெர்ட்ஸ் இடத்திலும், என்டிஎஸ்சியில் 3.58 மெகாஹெர்ட்ஸ் இடத்திலும் உட்கார்ந்திருக்கும். படத்தின் நுண்ணிய விவரங்களும் அதே இடத்தில்தான் வரும். கேப்சர் கருவி இரண்டையும் பிரிக்க முயலும்போது கொஞ்சம் அங்கும் இங்கும் மாறிப்போகிறது. கோடு போட்ட சட்டையில் வானவில் நிறங்கள் ஓடுவதும், எழுத்தின் ஓரத்தில் சிறு புள்ளிகள் ஊர்வதும் இதனால்தான். எஸ்-வீடியோ கேபிள் வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனிக் கம்பியில் அனுப்புவதால் இந்தத் தொல்லை போய்விடும். மூன்று கம்பி கொண்ட காம்போனென்ட் அதைவிட மேல். ஸ்கார்ட் என்ற ஐரோப்பிய இணைப்பில் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக) கிடைத்தால் அதுவும் நல்லது.

படி 1: சோதனைக்கு ஏற்ற வட்டு, ஏற்ற காட்சி

நீங்களே பதிவு செய்த வட்டு ஒன்றை எடுங்கள். கடைகளில் விற்கும் திரைப்பட வட்டுகளில் பெரும்பாலும் நகல் தடுப்பு இருக்கும். அதை உடைப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். அனலாக் பக்கத்திலும் மேக்ரோவிஷன் என்ற தடுப்பு படத்தின் வெளிச்சத்தை ஏற்றி இறக்கிக் கெடுத்துவிடும். அதனால் அப்படிப்பட்ட வட்டை வைத்துச் செய்யும் ஒப்பீடு நியாயமாகவும் இருக்காது.

காட்சியை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். ஒரு நிமிடம் போதும், ஆனால் அந்த நிமிடத்துக்குள் இவையெல்லாம் வந்தால் நல்லது: அசையாத நுண் விவரம் (செங்கல் சுவர், தலைமுடி, மர இலைகள்), பளீரென்ற சிவப்பு, இருட்டான மூலை, திரையில் எழுத்து, வேகமாக அசையும் ஏதாவது ஒன்று. ஒருவர் முகம் மட்டும் ஐந்து நிமிடம் வருகிற காட்சியில் இரண்டு பாதைகளும் ஒன்றுபோலத்தான் தெரியும். பிறகு "வித்தியாசமே இல்லை" என்று தவறான முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

படி 2: நேரடி நகல்

வட்டைத் திறந்தால் வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டர் தெரியும். அதை முழுதாக நகலெடுக்கலாம், அல்லது வட்டு முழுவதையும் ஒரே ஐஎஸ்ஓ ஃபைலாக எடுக்கலாம். நான் ஐஎஸ்ஓவைத்தான் பரிந்துரைப்பேன். மெனு, அத்தியாயப் பிரிவுகள், துணைத்தலைப்பு எல்லாம் அதில் பத்திரமாக இருக்கும்.

ஃபோல்டருக்குள் விஓபி என்ற நீட்சியுள்ள ஃபைல்களில்தான் படமும் ஒலியும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 1 ஜிபியைத் தாண்டக்கூடாது என்பது விதி. அதனால் நீளமான பதிவு துண்டு துண்டாகத் தெரியும். துண்டுகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மேக்எம்கேவி போன்ற மென்பொருள் அவற்றைச் சேர்த்து ஒரே எம்கேவி ஃபைலாகக் கொடுத்துவிடும். படத்தைத் தொடாமல் உறையை மட்டும் மாற்றும் வேலை இது.

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் வட்டைக் கொடுத்து எம்பி4 எடுத்துவிட்டு, "நானும் நேரடி நகல்தான் எடுத்தேன்" என்பார்கள். ஹேண்ட்பிரேக் படத்தை விரித்து மறுபடி சுருக்குகிறது. கைபேசியில் பார்க்க அது வசதிதான். ஒப்பீட்டுக்கு மட்டும் ஆகாது.

எடுத்தது சரியான நகலா என்று உறுதி செய்ய எளிய வழி உண்டு. அதே வட்டை இரண்டு முறை ஐஎஸ்ஓவாக எடுத்து, இரண்டுக்கும் எம்டி5 (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கிடைக்கும், கைரேகை போன்ற எண்) கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் டிரைவ் வட்டைச் சுத்தமாகப் படித்திருக்கிறது என்று நிம்மதியாக இருக்கலாம். அனலாக் கேப்சரை எத்தனை முறை செய்தாலும் இரண்டு ஃபைல்கள் இப்படிப் பொருந்தவே பொருந்தா. ஒவ்வொரு முறையும் அலையில் இரைச்சல் வேறு மாதிரி விழும். அப்புறம் எம்கேவி ஃபைலை, ஃபைலின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்து எம்பெக்-2, 720×576 அல்லது 720×480 என்று காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: அனலாக் கேப்சர்

ஒப்பீடு நேர்மையாக இருக்க வேண்டுமானால் கேப்சருக்கு அதன் முழு வாய்ப்பையும் கொடுக்க வேண்டும். மோசமாகக் கேப்சர் செய்துவிட்டு அனலாகைக் குறை சொல்வதில் பயனில்லை. அதனால் இந்தப் படியில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிளேயரின் செட்டிங். டிவி வடிவம் 4:3 என்று வைத்திருந்தால், அகலத்திரை வட்டைப் போடும்போது பிளேயர் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்துப் படத்தைச் சுருக்கி அனுப்பும். 576 வரிகளில் 432 மட்டுமே படத்துக்கு மிஞ்சும். கால்வாசி விவரம் கேபிளுக்கு வரும் முன்பே போயிற்று. 16:9 என்று மாற்றுங்கள். பால், என்டிஎஸ்சி என்று கேட்கும் இடத்தில் பிளேயர் தானாக மாற்றாதபடி, வட்டு எந்த முறையோ அதே முறையை வையுங்கள். கூர்மை கூட்டுதல், இரைச்சல் குறைத்தல் போன்றவை இருந்தால் அணைத்துவிடுங்கள்.

கேப்சர் மென்பொருளில் வட்டின் அதே அளவை, அதாவது 720×576 அல்லது 720×480 என்று கொடுங்கள். 640×480 என்று வைத்தால் கருவி படத்தைச் சுருக்கிவிடும். டிஇன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒன்றான வரிகளாக வரும் இரண்டு பாதிப் படங்களை முழுப் படமாக்குவது) என்று ஏதாவது தேர்வு இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நிறத் தகவலைச் சேமிக்கும் வடிவமாக ஒய்யுஒய்2 என்பதை வையுங்கள். சேமிக்க ஹஃப்ஒய்யுவி, லகரித், எஃப்எஃப்வி1 போன்ற இழப்பில்லாத கோடெக் (சுருக்கும் முறை) ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கருவியோடு வரும் மென்பொருள் பெரும்பாலும் நேரடியாக எம்பெக்-2 அல்லது எச்.264 ஆகச் சுருக்கிச் சேமிக்கும். அப்படிச் செய்தால் அனலாக் பாதையின் குறை எது, சுருக்கத்தின் குறை எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விடும். விர்ச்சுவல்டப் மென்பொருளின் கேப்சர் பகுதி இந்த வேலைக்குப் பொருத்தமானது. ஓபிஎஸ் என்ற இன்னொரு மென்பொருள் நேரலைக்காக உருவானது. இன்டர்லேஸ் படத்தை அப்படியே வைத்துக்கொள்ளாது.

எந்தச் சுருக்கமும் இல்லாமல் சேமித்தால் நொடிக்கு 20.7 மெகாபைட் ஆகும், ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 75 ஜிபி. இழப்பில்லாத கோடெக் அதை ஏறக்குறையப் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ ஆக்கும். ஃபைல் ஏன் பெரிதாகிறது என்பது இப்போது புரியும்: அதில் படத்தோடு கேபிளின் இரைச்சலும் சேர்த்துப் பத்திரப்படுத்தப்படுகிறது.

அடுத்தது வெளிச்ச அளவு. டிஜிட்டல் வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235 என்ற எண்ணில் இருக்கும். கேப்சர் கருவியின் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் சரியாக இல்லையென்றால் இருட்டில் உள்ள விவரம் ஒரே கறுப்பாக அடைந்துவிடும், அல்லது வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் எல்லாம் மறைந்துபோகும். இப்படி வெட்டுப்பட்டதைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. விர்ச்சுவல்டப்பில் ஹிஸ்டோகிராம் (எந்த வெளிச்ச அளவில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடம்) இருக்கிறது. அதைத் திறந்து வைத்து இரு முனைகளிலும் குவியாமல் சரிசெய்யுங்கள். என்டிஎஸ்சியில் இன்னொரு சிக்கல்: வட அமெரிக்க முறையில் கறுப்பு 7.5 ஐஆர்இ (வீடியோ அலையின் உயரத்தை அளக்கும் அலகு) அளவில் தொடங்குகிறது, ஜப்பானிய முறையில் 0 அளவில். பிளேயர் ஒன்றையும் கருவி இன்னொன்றையும் எதிர்பார்த்தால் கறுப்பு சாம்பலாகவோ அடைந்துபோனதாகவோ தெரியும்.

பதிவு முடிந்ததும் எத்தனை ஃபிரேம்கள் விடுபட்டன என்ற எண்ணிக்கையைப் பாருங்கள். ஒன்று விட்டுப்போனாலும் அடுத்த படியில் ஃபிரேம்கள் பொருந்தாது. யுஎஸ்பி ஹப் வழியாக இணைக்காமல் கணினியின் போர்ட்டிலேயே நேரடியாகச் செருகினால் இந்தத் தொந்தரவு குறையும்.

படி 4: ஒரே ஃபிரேமை எதிரெதிரே வைப்பது

இரண்டு ஃபைல்களிலும் காட்சி மாறும் ஒரு வெட்டைத் தேடி, அதிலிருந்து ஃபிரேம் எண்ணி ஒன்றாக்குங்கள். இன்டர்லேஸ் வீடியோவில் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு ஃபீல்டுகளால் ஆனது, ஒற்றைப்படை வரிகள் ஒன்று, இரட்டைப்படை வரிகள் இன்னொன்று. எனவே டிஇன்டர்லேஸ் செய்ய வேண்டியிருந்தால் இரண்டு ஃபைல்களுக்கும் ஒரே ஃபில்டரை, அதே செட்டிங்கோடு போடுங்கள். அசையும் பொருள் முன்னும் பின்னும் குதித்தால் ஃபீல்டு வரிசை தலைகீழாக இருக்கிறது என்று பொருள்.

கேப்சர் செய்த படம் இடமோ வலமோ சில பிக்சல்கள் நகர்ந்திருக்கும். அது இயல்பு. பால் முறையில் ஒரு வரியின் படப்பகுதி 52 மைக்ரோநொடி, அதாவது 702 பிக்சல்தான், மீதியெல்லாம் ஓரம். நகர்வைச் சரிசெய்துவிட்டு, ஐந்தாறு ஃபிரேம்களை இரண்டிலிருந்தும் பிஎன்ஜி படமாக எடுங்கள். ஜேபெக் வேண்டாம், அது தன் பங்குக்குக் கறையைச் சேர்க்கும்.

படி 5: கண்ணால் பார்ப்பது

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். கண் இங்கிருந்து அங்கே நகர்வதற்குள் நுண் விவரம் மறந்துபோகும். இரண்டு படங்களையும் ஒரே இடத்தில் 200 சதவீதம் பெரிதாக்கி, ஒரு விசையைத் தட்டி மாற்றி மாற்றிப் பாருங்கள். மாறும் இடம் தானாகவே கண்ணில் படும்.

சிவப்புப் பொருளின் ஓரம் முதலில். நிறம் எல்லையைத் தாண்டிக் கசிந்திருக்கிறதா? பிறகு எழுத்தின் ஓரத்தில் நிழல்போல இரண்டாவது கோடு. அப்புறம் வானம், சுவர் போன்ற சமமான பரப்பு: கேப்சரில் அங்கே மணல் தூவியதுபோல இரைச்சல் ஆடும், நேரடி நகலில் அமைதியாக இருக்கும். ஒட்டுமொத்த நிறமும் சற்று விலகியிருக்கலாம். ஆனால் அது கருவியின் அளவுச் சிக்கலாக இருக்கலாம் என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

ஒரு விஷயம் உங்களைக் குழப்பும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குறைந்த பிட்ரேட்டில் (நொடிக்கு ஒதுக்கும் தரவு அளவில்) பதிந்த வட்டு என்றால், நேரடி நகலில் சதுரக் கட்டங்களும் ஓரங்களில் கொசு மொய்ப்பதுபோன்ற துடிப்பும் தெளிவாகத் தெரியும். கேப்சரில் அவை மங்கி, படம் மென்மையாகத் தெரியும். பலர் இதைப் பார்த்துக் கேப்சரே மேல் என்கிறார்கள். அனலாக் பாதை நுண் விவரத்தை மழுக்கும்போது கட்டங்களின் ஓரமும் சேர்ந்து மழுங்குகிறது, நடந்தது அதுதான். அந்த மென்மை உங்களுக்குப் பிடித்திருந்தால் நேரடி நகலுக்கே கட்டங்களை மழுக்கும் ஒரு டீபிளாக்கிங் ஃபில்டர் போட்டு அதே தோற்றத்தைக் கொண்டுவரலாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். கேப்சரில் போன விவரத்தை அப்படித் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு காரணமே போதும்.

படி 6: எண்கள், தேவைப்பட்டால்

எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் இரண்டு படங்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று எண்ணால் சொல்லும் பிஎஸ்என்ஆர், எஸ்எஸ்ஐஎம் என்ற அளவீடுகள் இருக்கின்றன. நேரடி நகலை மூலமாக வைத்துக் கேப்சரை அளக்கலாம். ஆனால் ஒரு பிக்சல் நகர்வும், சிறிய வெளிச்ச வேறுபாடும்கூட எண்ணை மளமளவென்று இறக்கிவிடும். கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. இரண்டு கேபிள்களில் எது மேல் என்று பார்க்க, அதாவது காம்போசிட் கேப்சரையும் எஸ்-வீடியோ கேப்சரையும் ஒரே கருவியில் ஒப்பிட, இந்த எண்கள் உதவும். 2016இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட விமாஃப் என்ற அளவீடு, சுருக்கத்தின் குறைகளையும் அளவு மாற்றத்தின் குறைகளையும் அளக்கப் பழக்கப்பட்டது. கேபிள் இரைச்சலுக்கு அதை நம்ப வேண்டாம்.

படத்தைத் தவிர இழப்பவை

நேரடி நகலில் பல ஒலித்தடங்கள், அத்தியாயங்கள், அணைத்துவைக்கக்கூடிய துணைத்தலைப்புகள் எல்லாம் கூடவே வரும். கேப்சரில் அந்த நேரத்தில் திரையில் எது தெரிந்ததோ அதுதான். என்டிஎஸ்சி வட்டில் நொடிக்கு 24 ஃபிரேம் கொண்ட சினிமாப் பதிவு இருந்தால் இன்னொரு இழப்பும் சேரும்: வட்டில் முழு ஃபிரேம்களாக இருப்பதை பிளேயர் ஃபீல்டுகளாகப் பிரித்து, சிலவற்றைத் திரும்ப அனுப்புகிறது. கேப்சர் செய்த ஒவ்வொரு ஐந்து ஃபிரேமிலும் இரண்டு, வெவ்வேறு ஃபிரேம்களின் கலவையாக வந்து சேரும். நேரமும் பார்க்க வேண்டும். கேப்சருக்கு இரண்டு மணி நேர வட்டு என்றால் இரண்டு மணி நேரம்தான், குறுக்குவழி கிடையாது. டிரைவில் நகலெடுக்க அதில் ஒரு சிறு பகுதியே ஆகும்.

ப்ளூ-ரே வட்டுக்கு அனலாக் பாதையை யோசிக்கவே வேண்டாம். 2010க்குப் பிறகு தயாரான பிளேயர்களில், நகல் தடுப்புள்ள ப்ளூ-ரே வட்டுகளின் படம் அனலாக் வழியில் பழைய டிவிடி அளவுக்கே வெளிவரும். 2013க்குப் பிறகு தயாரானவற்றில் அதற்கும் அனுமதி இல்லை.

அனலாக் பாதையே சரியாகும் இடங்கள்

வட்டு கீறலோடு இருக்கிறது, கணினி டிரைவ் படிக்க மறுக்கிறது, ஆனால் வீட்டு பிளேயரில் ஓடுகிறது என்றால் கேப்சர் கைகொடுக்கும். பிளேயர் படிக்க முடியாத இடத்தைத் தாண்டிக்கொண்டு ஓடிவிடும். கணினி அங்கேயே நின்று முட்டிக்கொண்டிருக்கும். இருந்தாலும் அதற்கு முன் வட்டை மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் துடைத்து, வேறொரு டிரைவில் போட்டு, டிடிரெஸ்க்யூ போன்ற மென்பொருளால் பலமுறை முயன்று பாருங்கள். டிவிடி ரெக்கார்டரில் பதிந்து ஃபைனலைஸ் (மற்ற கருவிகளிலும் ஓடும்படி பதிவை முடித்து வைப்பது) செய்யாமல் விட்ட வட்டும் கணினியில் காலியாகவே தெரியும். அதே ரெக்கார்டர் இன்னும் ஓடினால் அதில் ஃபைனலைஸ் செய்துவிட்டு நகலெடுக்கலாம். ரெக்கார்டர் இல்லையென்றால் ஐஸோபஸ்டர் போன்ற மென்பொருள் அதைப் படிக்க முயலும்.

இவற்றைவிட முக்கியமான ஒன்று, வட்டு எதிலிருந்து வந்தது என்ற கேள்வி. விஎச்எஸ் டேப்பை டிவிடி ரெக்கார்டரில் பதிந்து வைத்த வட்டு என்றால், அந்த வட்டே ஒரு கேப்சர்தான். 4.7 ஜிபி வட்டில் இரண்டு மணி நேரம் பதிந்திருந்தால் ஒலியும் சேர்த்து நொடிக்கு 5 மெகாபிட்டுக்குச் சற்று மேலே கிடைத்திருக்கும், பார்க்கத்தக்க தரம். ஆறு மணி நேரத்தை அதே வட்டில் திணித்திருந்தால் 1.7 மெகாபிட்தான். அத்தோடு நீண்ட நேரப் பதிவில் பல ரெக்கார்டர்கள் படத்தின் அகலத்தை 352 பிக்சலாகவும் குறைத்துவிடும். மீடியாஇன்ஃபோவில் 352 என்ற எண்ணைப் பார்த்தீர்களானால், டேப் இன்னும் கையில் இருக்கிறதா என்று தேடுங்கள். நல்ல நிலையில் உள்ள விசிஆர், எஸ்-வீடியோ அவுட் இருந்தால் அது, படத்தின் நடுக்கத்தை அடக்க ஒரு டைம் பேஸ் கரெக்டர், இழப்பில்லாத கோடெக்: இவற்றோடு டேப்பிலிருந்து புதிதாகக் கேப்சர் செய்தது அந்த வட்டின் நேரடி நகலைவிட நன்றாக இருக்கும். ஆனால் டேப்பும் பழசாகிக்கொண்டே போகிறது. ஆகவே வட்டின் ஐஎஸ்ஓவை இன்றே எடுத்து வைத்துவிட்டு, டேப் வேலையை அதன் பிறகு தொடங்குங்கள். டேப் நடுவில் அறுந்தாலும் கையில் ஒரு பிரதி இருக்கும்.